வெயிலில் வாழும் உயிரை நிழலில் வைத்துச் சோதிக்காதீர்கள்

எண்ணூர்க் கழிமுகத்தின் நீரைச் சோதிக்கும் அதிகாரிகளுக்கும், எண்ணெய்க் கசிவின் பாதிப்பை மதிப்பிடும் நிபுணர்களுக்கும்,

எண்ணெய்க் கசிவின் பாதிப்பு பற்றி எங்கள் குப்பத்து மக்கள் எழுதிக் கேட்டதற்கு உங்கள் தரப்பிலிருந்து வந்த பதிலைப் படித்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. கழியில் எடுத்த நீரில் எண்ணெயும் கிரீஸும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது, அந்த நீரில் விட்ட மீன்கள் 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தன, மிச்சமிருக்கும் எண்ணெய் வெயிலில் தானாகச் சிதைந்துவிடும், ஆகவே ‘பாதிப்பு காணப்படவில்லை’, கவலைப்பட ஒன்றுமில்லை. இவ்வளவுதான் அதன் சாரம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை உங்களுக்கு மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கழியோரக் குப்பத்தில் பிறந்தவள். விலங்கியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். அண்ணன் இன்றும் கழியில் வலை போடுகிறார். அம்மா இறால் விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் இந்தக் கழியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துப் பழகியவள் நான்: வலையில் என்ன வருகிறது என்று வீட்டில் பேசிக்கொள்வதும் தெரியும், ஒரு சொட்டு கழி நீரை நுண்ணோக்கியில் வைத்தால் என்னென்ன நீந்தும் என்பதும் தெரியும்.

2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஊரே வாளியோடு கரையில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்தது. அது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து கழிக்குள் பரவி, வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்திச் செடிகளின் மூச்சுவேர் என்று எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எண்ணெயை அள்ளினார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், குழுக்கள் வந்து போயின. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நீங்கள் பார்க்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு என்ன நடந்தது என்று அண்ணனைக் கேளுங்கள். மடவை திரும்பி வந்தது. கெளுத்தியும் வந்தது. கைப்பிடி நீளமுள்ள மீனெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலையில் தெரிந்தது. வராதது இறால்தான். வழக்கமாக ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் காலைச் சுற்றித் துள்ளும் பொடி இறாலைக் காணவில்லை. “பெரிசு தப்பிச்சுக்குது, குஞ்சுதான் நிக்க மாட்டேங்குது” என்று அவர் சொன்னார். உங்கள் குழுவில் வந்த ஒருவரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக்கொண்டாரா என்பது அறிக்கையைப் பார்த்தால் தெரியவில்லை.

அண்ணன் சொன்னது ஒரு மீனவரின் புலம்பல் அல்ல. அறிவியலில் அதற்குப் பொருந்தும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் வெயில். இன்னும் சரியாகச் சொன்னால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்.

புற ஊதா என்றதும் ஓசோன் ஓட்டை, அண்டார்டிகா என்று பேச்சு போய்விடுகிறது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் நம் ஊரின் நிலைமைக்கு ஓட்டை எதுவும் தேவையில்லை. வெப்பமண்டலத்துக்கு மேல் ஓசோன் எப்போதுமே மெல்லியது. சூரியனும் ஏறக்குறைய தலைக்கு நேராக நிற்கிறது. சென்னைக்கு ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை, உச்சிப் பொழுதில் நிழலே விழாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11-ஐத் தொட்டாலே ‘மிக அபாயம்’ என்று வகைப்படுத்துகிறார்கள். நம் கோடையில் அது சாதாரண மதிய வேளை.

இந்தக் கதிர் தண்ணீருக்குள்ளும் போகும். தெளிந்த கடலில் பல மீட்டர் ஆழம் வரை இறங்கும். அங்கே இருக்கும் சின்ன உயிர்கள் காலம் காலமாக அதோடு வாழப் பழகியவை. துடுப்புக்காலிகள் பகலில் ஆழத்துக்கு இறங்கி இருட்டிய பிறகு மேலே வருகின்றன. குளத்து நீரில் வாழும் டாஃப்னியா என்ற பொடி உயிருக்குப் புற ஊதாவைப் பார்க்கவே முடியும்; பட்டதும் கீழே நீந்தும். சில இனங்கள் உடம்பில் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் சிவப்பாக இருந்தால் மீன் கண்ணில் படும். அதனால் மீன் அதிகமுள்ள நீரில் நிறத்தைக் குறைத்து, கதிருக்கு உடம்பைக் கொடுக்கின்றன. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் போராட்டத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். பாசியிலிருந்து கதிரை உறிஞ்சும் சேர்மங்களைத் தின்று சேமிப்பவை உண்டு. கதிர் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் முடிச்சை அதே வெளிச்சத்தின் உதவியால் அவிழ்க்கும் நொதி பல உயிர்களில் இருக்கிறது. அரிசியில் பாதிகூட இல்லாத உடம்புக்குள் இத்தனை ஏற்பாடு. மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தத் தற்காப்பு எல்லாம் சுத்தமான நீரில் வேலை செய்யும். எண்ணெய் கலந்த நீரில் கணக்கு மாறிவிடுகிறது.

கப்பல் எண்ணெயிலும் கச்சா எண்ணெயிலும் பல வளையங்கள் ஒட்டிய கரிமச் சேர்மங்கள் இருக்கின்றன: ஆந்த்ரசீன், பைரீன், ஃப்ளோரான்தீன் போன்றவை. உங்கள் வேதியியலாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவை நீரில் மிகக் குறைவாகத்தான் கரையும், ஆனால் சின்ன உயிர்களின் கொழுப்பில் போய்ச் சேரும். இருட்டில் அவை பெரிதாக எதுவும் செய்யாமல்கூட இருக்கலாம். புற ஊதா பட்டதும் அந்த மூலக்கூறு ஆற்றலை வாங்கி அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. கிளர்ந்த அந்த ஆக்சிஜன் செல்லின் சவ்வை அரிக்கிறது. முக்கியமாக, இதற்கு வீரியம் அதிகமான புற ஊதா-பி தேவையில்லை. வெயிலில் தாராளமாக இருக்கும், நீரில் இன்னும் ஆழமாக இறங்கும் புற ஊதா-ஏ போதும். ஒளி முழு உடம்பையும் ஊடுருவிப் போகிற உயிருக்கு, அதாவது கண்ணாடி போன்ற இறால் குஞ்சுக்கும் நண்டின் இளம்பருவத்துக்கும் மீன் முட்டைக்கும், உள்ளிருந்தே வேகிறது. செதிலும் தடித்த தோலும் உள்ள மடவைக்கு அவ்வளவு எளிதில் அப்படி ஆவதில்லை. அது ஆழத்துக்கும் போய்விடலாம். அண்ணன் சொன்ன ‘பெரிசு தப்பிச்சுக்குது’ என்பதன் விளக்கம் இதுவாக இருக்கலாம்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1900-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே பாரமீசியத்தை அக்ரிடின் என்ற சாயம் கலந்த நீரில் விட்டுப் பார்த்தார். ஒரே அளவு சாயம்தான், ஆனால் ஒரு சமயம் சீக்கிரம் செத்தன, இன்னொரு சமயம் தாமதமாகச் செத்தன. என்ன வித்தியாசம் என்று தேடியபோது கிடைத்த விடை: அன்றைய வெளிச்சம். ஒளியும் வேதிப்பொருளும் சேர்ந்து கொல்லும் என்ற அறிவே ஒரு சின்ன நீர்வாழ் உயிரிடமிருந்துதான் நமக்குக் கிடைத்தது. 1983-இல் அமெரிக்காவில் ஆந்த்ரசீன் கலந்த நீரில் மீன்களை வளர்த்துப் பார்த்தார்கள். திறந்தவெளியில் வெயில் பட்ட மீன்கள் செத்தன. அதே நீரில் நிழலில் இருந்தவை பிழைத்தன.

எண்ணூருக்கு மிக நெருக்கமான உதாரணம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் இருக்கிறது. 2007 நவம்பர் 7 அன்று காஸ்கோ பூசான் என்ற சரக்குக் கப்பல் அங்கே பாலத்தில் மோதி எரிபொருள் எண்ணெய் கொட்டியது. சில மாதங்களில் ஹெர்ரிங் மீன் முட்டையிட வரும் காலம். ஆய்வாளர்கள் எண்ணெய் பட்ட கரைகளில் ஓத நீர் ஏறி இறங்கும் ஓரத்தில் மீன்கள் தாமாக இட்ட முட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள்; அங்கிருந்து சற்று தள்ளி ஆழமான இடத்தில் முட்டைகளைக் கூண்டில் வைத்து இறக்கினார்கள். ஆழத்தில் இருந்த கருக்களுக்கு இதயக் கோளாறு மட்டும் தென்பட்டது. ஓரத்தில் இருந்த கருக்கள் எதிர்பாராத அளவில் திசு கரைந்து செத்திருந்தன. ஓரத்துக்கும் ஆழத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் வெளிச்சம்தான். எண்ணெயும் வெயிலும் சேர்ந்த வேலை இது என்ற விளக்கத்தோடு அந்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஓரம் என்பது நமக்கு எது? இறால் குஞ்சு ஒதுங்கும் இடம், பெண்கள் உட்கார்ந்து கையால் துழாவி இறால் எடுக்கும் இடம்.

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரலில் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு அமெரிக்க அரசு அமைப்புகள் செய்த பாதிப்பு மதிப்பீட்டைப் பாருங்கள். அது 2016-இல் முடிந்தது. புற ஊதா பட்டால் எண்ணெயின் நச்சு, ஒளி ஊடுருவும் இளம் உயிர்களுக்குப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூடுகிறது என்று கணக்கில் எடுத்துத்தான் அங்கே இழப்பை மதிப்பிட்டார்கள். அந்த மக்களின் கடலுக்கு அந்தக் கணக்கு உண்டு. அவர்களைவிடக் கடுமையான வெயில் அடிக்கும் எங்கள் கழிக்கு ஏன் இல்லை?

இனி உங்கள் பதிலின் மூன்று விஷயங்களுக்கும் வருகிறேன்.

முதலில் அந்த 96 மணி நேரச் சோதனை. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணையில் கழிவுநீருக்கான பொதுவான வரையறை அப்படித்தான் சொல்கிறது: கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் விதியை மீறவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோதனை எங்கே நடக்கிறது? அறைக்குள், தொட்டிக்குள், குழல் விளக்கு வெளிச்சத்தில். குழல் விளக்கில் வெயிலின் புற ஊதா கிடையாது. சன்னலோரம் வைத்தாலும் கண்ணாடி புற ஊதா-பியை நிறுத்திவிடும். பல நாடுகள் பின்பற்றும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வகுத்த டாஃப்னியா சோதனை முறையும் முழு இருட்டில் செய்தாலும் சரி என்கிறது. மழைக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டிய குடையை வீட்டுக்குள் விரித்துப் பார்த்துச் சான்று கொடுப்பது போலத்தான் இது. சோதனை பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அதோடு, சோதனைக்கு விட்டது மீன். எங்கள் கவலை இறால் குஞ்சைப் பற்றியது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு பொரித்து, உருமாறி, ஏறத்தாழ இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நகம் நீளத்துக்கு வளர்ந்து, ஓதத்தோடு கழிக்குள் வருகிறது. வரும்போது அதன் உடம்பில் நிறம் ஏறியிருக்காது. தொட்டி நீரில் விட்டால் கண்ணைத்தான் முதலில் பார்க்க முடியும். ஆழமில்லாத ஓரங்களில் சேற்றையும் செடியையும் ஒட்டி வளர்ந்து, சில மாதங்களில் கடலுக்குத் திரும்பும். ஓடி ஒளிய ஆழம் இல்லாத இடத்தில், உடம்பில் நிறம் இல்லாத வயதில், எண்ணெய் ஒட்டிய சேற்றின் மேல் இருக்கிறது அது. கைவிரல் நீள மீன் தொட்டியில் பிழைத்ததை வைத்து இதற்கு எந்த முடிவும் சொல்ல முடியாது.

அடுத்தது ‘அனுமதிக்கப்பட்ட அளவு’. கடலோரத்தில் விடும் கழிவுநீருக்கு எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது அதே அட்டவணை. நான் சொன்ன வளையச் சேர்மங்கள் வெயிலில் சின்ன உயிர்களைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். எண்ணெய் என்று ஒட்டுமொத்தமாக அளக்கும் தராசில் இந்தச் சேர்மங்கள் தெரியவே தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால்தான் தெரியும். உங்கள் பதிலோடு வந்த அட்டவணையில் அவற்றில் ஒன்றுக்குக்கூட ஒரு வரிசை இல்லை.

மூன்றாவதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. வெயில் எண்ணெயைச் சிதைத்துவிடும் என்கிறீர்கள். சிதைக்கும், உண்மைதான். ஆனால் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெயை வெயில் உடைக்கும்போது நீரில் சுலபமாகக் கரையும் புதிய சேர்மங்களும் உண்டாகின்றன. கண்ணுக்குத் தெரிந்த படலம் மறைகிறது, அதில் ஒரு பகுதி தண்ணீருக்குள் இறங்குகிறது. அது நடந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அதே வெயில் குஞ்சுகளின் உடம்பில் சேர்ந்த நஞ்சை முடுக்கிவிடுகிறது. சுத்தம் செய்யும் பொறுப்பை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டு நகர்வது எங்கள் வாழ்வாதாரத்தை அதனிடம் பலி கொடுப்பதற்குச் சமம். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பும் எனக்குத் தெரியும். கழி நீர் கலங்கல், புற ஊதா உள்ளே போகாது என்பீர்கள். நியாயமான வாதம். இலைதழை மட்கிக் கரைந்த பழுப்பு நீரில் புற ஊதா-பி சில அங்குலங்களிலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் வடமேற்கு மலைகளில் தவளை முட்டைகள் கதிரால் அழிகின்றனவா என்று பெரிய விவாதம் நடந்தபோது, பெரும்பாலான குளங்களில் நீரின் நிறமே முட்டைகளைக் காப்பாற்றுகிறது என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளக் காலத்தில் எங்கள் கழியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் வெள்ளம் வடிந்து கடல் நீர் உள்ளே வந்து சேறு படிந்த பிறகு ஓரத்தில் தரை தெரியும். தரை தெரிகிற நீருக்குள் வெயில் இறங்காது என்று யார் சொல்ல முடியும்? நீர் வற்றும் நேரத்தில் பல இடங்களில் கணுக்கால் அளவுதான் மிஞ்சும். மிதக்கும் முட்டைகளும் நண்டுக் குஞ்சுகளும் இருப்பது மேல்மட்டத்தில். எண்ணெய்ப் படலம் நிற்பதும் அங்கேதான், கதிர் மிகக் கடுமையாக விழுவதும் அங்கேதான்.

அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றி இன்னொன்று. அதில் ஒரு பகுதி அலையாத்தி இலைகள் நீரில் ஊறுவதால் வருவது. அந்தச் செடிகள் நிழலும் தருகின்றன. சாம்பலும் கட்டடக் கழிவும் கொட்டிக் கழியின் ஓரத்தை மேடாக்கி, இருந்த கொஞ்ச அலையாத்தியையும் எண்ணெயில் நனைய விட்ட பிறகு, நீர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று நம்புவதற்கு என்ன மிச்சமிருக்கிறது?

பாதிப்பு எப்போதும் நேராகக் கண்ணில் படாது என்பதையும் நினைவில் வையுங்கள். கனடாவின் தாம்ப்ஸன் ஆற்றில் நடந்த ஒரு பரிசோதனை 1994-இல் வெளிவந்தது. புற ஊதா பட்ட செயற்கை ஓடைகளில் முதலில் பாசி குறைந்தது. சில வாரங்கள் போனதும், கதிரை மறைத்து வைத்த ஓடைகளைவிட அங்கே பாசி அதிகமாகிவிட்டது. பாசியைத் தின்னும் பூச்சிப் புழுக்களைக் கதிர் இன்னும் அதிகமாகப் பாதித்ததுதான் காரணம். பாசியை மட்டும் அளந்திருந்தால் கதிரால் நல்லது நடந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள். எங்கள் கழியிலும் பெரிய மீன் வந்துவிட்டது, நீர் பச்சையாக இருக்கிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதுவது சுலபம். அப்படி எழுதிவிடாதீர்கள்.

இந்தக் கழியில் வெயிலும் எண்ணெயும் சேர்ந்துதான் இறாலை அழித்தன என்று தீர்ப்பு எழுதும் இடத்தில் நான் இல்லை. அனல் மின் நிலையங்களின் வெந்நீர், ஆலைக் கழிவு, மணல் அடைத்த முகத்துவாரம் என்று இறாலைத் துரத்தப் பல காரணங்கள் இங்கே உண்டு. ஆனால் இந்த ஒரு காரணத்தை நீங்கள் தேடவே இல்லை. தேடாமல் இருந்துவிட்டுப் ‘பாதிப்பு காணப்படவில்லை’ என்று எழுதியது தவறு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த நிவாரணம் மறுக்கப்படுகிறது. குழுவினர் வந்த அன்று நானே கேட்டேன்: ஓரத்து நீரில் இறால் குஞ்சு விட்டு, ஒரு தட்டை வெயிலில் திறந்தும், இன்னொன்றைப் புற ஊதாவை மட்டும் தடுக்கும் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியும் வைத்துப் பார்க்கலாமே என்று. “நம்ம நடைமுறையில அது இல்லம்மா” என்று பதில் வந்தது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நடைமுறையில் இல்லாததைச் சேர்க்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். கசிவுக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்கள் படகை எண்ணினார்கள், வலையை எண்ணினார்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவி, இறாலைப் பறியில் போட்டுக்கொள்ளும் பெண்களுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் படகும் இல்லை, வலையும் இல்லை. ஓரத்தில் இறால் இல்லையென்றால் அவர்களுக்கு அன்றைக்கு அடுப்பு இல்லை. வெயிலும் எண்ணெயும் சேர்ந்து தாக்கும் இடமும் அதே ஓரம்தான். அங்கே நடக்கும் இழப்பு உங்கள் ஆய்வகத்தில் தெரியாததால், கணக்குப் புத்தகத்திலும் தெரியாமல் போகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

எண்ணெய் பட்ட நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும்போது அறைக்குள் செய்வதோடு, அதே மாதிரியை வெயிலிலும் அல்லது வெயிலுக்கு ஈடான புற ஊதா விளக்கிலும் வைத்துச் சோதியுங்கள். சூடு கூடியதால் செத்தது என்ற சந்தேகம் வராமல் இருக்கத் தட்டுகளை ஒரே வெப்பத்தில் வைத்து, ஒரு பாதிக்குக் கதிரைத் தடுக்கும் தகடு போடுங்கள். சோதனைக்கு வளர்ந்த மீன் மட்டும் போதாது. வெள்ளை இறாலின் குஞ்சையும் நண்டின் இளம்பருவத்தையும் துடுப்புக்காலிகளையும் சேருங்கள். இறால் குஞ்சு கிடைக்காத பொருள் இல்லை, நம் கடற்கரையெங்கும் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. 96 மணி நேர மீன் சோதனையை மட்டும் சொல்லும் விதியைத் திருத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உங்கள் தரப்பிலிருந்து பரிந்துரை அனுப்புங்கள். விதி மாறும் வரை காத்திருக்காமல் எண்ணூரில் கூடுதல் சோதனையாக இதைச் செய்ய எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மாதிரி எடுக்கும் இடத்தையும் மாற்றுங்கள். படகில் போய் நடு ஆற்றில் பாட்டிலை முக்கி எடுப்பது போதாது. நீர் வற்றிய நேரத்தில் முழங்கால் ஆழ ஓரத்தில், மேற்பரப்புப் படலத்தையும் அடிச்சேற்றையும் தனித்தனியாக எடுங்கள். எண்ணெய், கிரீஸ் என்று ஒரே எண்ணைத் தராமல் வளையச் சேர்மங்களை ஒவ்வொன்றாக அளந்து வெளியிடுங்கள். புற ஊதா எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதையும் மழைக்காலம், கோடை இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். அப்போது கலங்கல் நீர் காப்பாற்றுகிறதா இல்லையா என்ற விவாதம் முடிந்துவிடும். காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் முதலில் மகிழ்ச்சி அடைவது நாங்கள்தான்.

இன்னொரு கசிவு வரக்கூடாது. வந்தால், வெயில் பார்த்துக்கொள்ளும் என்று ஓரங்களைக் கடைசிக்கு விடாதீர்கள். ஆழமில்லாத ஓரங்களையும் அலையாத்தி நிற்கும் இடங்களையும் முதல் நாளே மிதவைத் தடுப்பு போட்டுக் காப்பாற்றுங்கள். எண்ணெய் பட்ட அலையாத்தியை வெட்டி எறியாமல் மீட்கப் பாருங்கள். வெறுங்கையால் எண்ணெய் அள்ள எங்கள் ஆட்களை அனுப்பாதீர்கள்.

நிவாரணக் கணக்கில் படகில்லாதவர்களைச் சேருங்கள். குஞ்சு அழிந்தால் இழப்பு அந்த மாதத்தோடு முடியாது, அடுத்த பருவத்து இறாலும் போகிறது. கசிவுக்குப் பிறகு வரும் பருவங்களின் இறால் வரத்தையும், கையால் இறால் எடுப்பவர்களின் வருமானத்தையும் பதிவு செய்து அதன்படி இழப்பீட்டை மறு ஆய்வு செய்யுங்கள். அதுவரை, ‘பாதிப்பு காணப்படவில்லை’ என்ற வாக்கியத்தை உங்கள் பதிலிலிருந்து நீக்கி, ‘ஒளியால் கூடும் நச்சு சோதிக்கப்படவில்லை’ என்று எழுத்துமூலம் திருத்தித் தாருங்கள்.

அந்தத் திருத்திய பதிலைத் தமிழில், கழியோரக் குப்பங்களின் ஊர்ச் சபைகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் நேரடியாக அனுப்புங்கள். அடுத்த முறை மாதிரி எடுக்க வரும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த ஓரத்தில் எந்த மாதம் குஞ்சு ஒதுங்கும் என்று காட்ட அண்ணனும் கையால் இறால் எடுக்கும் பெண்களும் உங்களோடு வரத் தயாராக இருக்கிறார்கள். சோதனைத் தட்டுகளை வைக்க எங்கள் ஊரிலேயே இடம் தருகிறோம்.

இப்படிக்கு,
கழியோரக் குப்பத்தைச் சேர்ந்த விலங்கியல் ஆசிரியை